எருமைக் காரும் கிணற்றுப் பங்கும்

போன வாரம் உங்கள் மதிப்பீட்டாளர் சங்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் பொன்னாடை போட்டீர்கள். சந்தோஷம். அது முடிந்து டீ குடிக்கிற நேரத்தில், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். "சார், யாருமே வாங்காமல் தோற்றுப்போன சொகுசுக் கார்கள் எல்லாம் பின்னால் அபூர்வப் பொருளாகி நல்ல விலைக்குப் போகிறதாமே? மதிப்பீட்டு அறிக்கையில் கடைசியில் அதையும் ஒரு வரி சேர்த்தால் கஸ்டமர் சந்தோஷப்படுகிறார். எழுதலாமா?" என்று கேட்டார்.

நான் கத்திவிட்டேன். கையில் இருந்த டீ பாதி அவர் சட்டை மேல் போயிற்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழவனுக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. சர்க்கரை எனக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஏறியது அது இல்லை. அந்தத் தம்பி மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வரியை வேறொருவர் எழுதி நான் பார்த்திருக்கிறேன். அது என்ன வேலை செய்யும் என்றும் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஆற அமர எழுதுகிறேன். ஆறுகிறதா பார்ப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மோதின வண்டிகளைப் போய்ப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சேதம் சொல்வதும், பழைய வண்டிகளுக்கு விலை மதிப்பதும் என் தொழில், சர்வேயர் என்பார்கள். கோயமுத்தூரில் ஆபீஸ் என்று ஒரு மாடி அறை. ஆனால் சோறு போட்டது பல்லடம் பக்கம்தான். அங்கே கோழி ஏற்றும் வேன்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும், ஓடுகிற வேகத்துக்கு ஏதாவது ஒன்று புளியமரத்தில் ஏறும். அந்தப் பக்கம் பத்துப் பண்ணைக்காரர்கள் சொன்னால் நமக்கு வேலை, சொல்லாவிட்டால் இல்லை. அந்தப் பத்துப் பேரும் யார் வாயைப் பார்ப்பார்கள் என்றால் சென்னியப்பன் வாயை.

சென்னியப்பன் பெரிய பண்ணைக்காரர். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. தம்பிகளே, நம் ஊரில் மரியாதையாகப் பேசுகிறவர் எல்லோரையும் நல்லவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ங்க' போட்டே கழுத்தில் கத்தி வைக்க நம் ஆட்களுக்குத் தெரியும்.

அவருடைய ஒரே தம்பி செல்வராஜ். அண்ணனுக்கு நேர் எதிர். கோயமுத்தூரில் ஒரு மில் மூடினபோது, மில் முதலாளி வீட்டில் ஏலம் கேட்க ஆளில்லாமல் ஒரு சீமைக் கார் நின்றது. கன்னங்கரேல் என்று, லாரிக்குப் பாதி நீளம். அது தயாரான நாட்டிலேயே அதை யாரும் விரும்பி வாங்கவில்லை. வந்த வேகத்தில் கம்பெனியே அந்த மாடலை நிறுத்திவிட்டது. அதைப் போய்ச் செல்வராஜ் பாகம் பிரியாத குடும்பப் பணத்தில் எடுத்து வந்தார். ஊரில் அதற்கு வைத்த பெயர் எருமை. கறுப்பு, அகலம், நினைத்த இடத்தில் நின்றுகொள்ளும், நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணி கேட்கும். ரேடியேட்டர் சூடாகிக்கொண்டே இருந்ததால் டிக்கியில் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் குடம் தண்ணியோடு இருக்கும். செல்வராஜ் அதைப் பற்றி வெட்கப்படவே இல்லை. ஊரோடு சேர்ந்து அவரும் எருமை என்றே கூப்பிடுவார்.

அந்த மனுஷன் மஞ்சள் காமாலை வந்து பொசுக்கென்று போய்விட்டார். மனைவி ருக்குமணிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் குழந்தைகள். கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் பாகம் பிரிக்க நாள் குறித்தார்கள்.

பாகப்பிரிவினையில் நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும் என்பதால் அவன் ஏமாற்றிப் பிரிக்க மாட்டான் என்று முன்னோர்கள் யோசித்து வைத்தது. நல்ல வழக்கம்தான். ஆனால் எந்த வேலிக்கும் ஒரு சந்து இருக்கும். எதிராளி எதைத் தொடுவான் என்று முன்கூட்டியே தெரிந்தால், பிரிக்கிறவன் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். சென்னியப்பனுக்கு அது தெரிந்திருந்தது.

அவர் இரண்டு பங்காகப் பிரித்தார். தம்பி இல்லாததால் முதலில் எடுக்க வேண்டியது ருக்குமணி. ஒரு பங்கு, கிணறும் அதைச் சுற்றின தோட்டமும். அந்தக் கிணறு அந்த வட்டாரத்தில் பஞ்சத்திலும் வற்றாத கிணறு. இன்னொரு பங்கு, ரோட்டோரம் மழையை நம்பிக் கிடக்கும் மேட்டாங்காடு, அதில் நிற்கும் காலியான ஒரு கோழி ஷெட், அதோடு அந்த எருமைக் கார். மேட்டாங்காடும் கிணற்றுத் தோட்டமும் எப்படி ஐயா சமமாகும் என்று சின்னக் குழந்தையும் கேட்கும். அந்த வித்தியாசத்தை நிரப்பத்தான் கார். கோயமுத்தூரில் நம் தொழில்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், 'இது சாதாரணக் கார் அல்ல, தோற்ற மாடல் என்பதால் உலகத்தில் மிகச் சில மட்டுமே மிஞ்சும், பத்துப் பதினைந்து வருடத்தில் அரிய பொருளாகிப் பல மடங்கு விலைக்குப் போகும்' என்று கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் மேட்டாங்காட்டுப் பங்குதான் ஒசத்தி.

எழுதிக் கொடுத்த மகராஜன் பாகம் பிரிக்கிற அன்றைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையாம். கூடியிருந்த பெரியவர்கள் ஒரு மதிப்பீட்டாளர் நேரில் நின்று சொன்னால் நல்லது என்றார்களாம். அதனால் என்னைக் கூப்பிட்டார் சென்னியப்பன்.

நான் போனபோது களத்தில் கயிற்றுக் கட்டில்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டுச் சொந்தபந்தமான ஒறம்பரைகள் உட்கார்ந்திருந்தார்கள். ருக்குமணி வாசற்படி ஓரம் நின்றிருந்தார். அவர் பக்கத்து ஆள் என்று வெள்ளகோவிலில் முருங்கைக்காய் வியாபாரம் செய்யும் அவருடைய அண்ணன் மட்டும். நடுவே கார். டயருக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்கள். விற்கப்போகிற கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுகிற அதே வேலை.

"வாங்க சர்வேயர் தம்பி. ஒரு வாய் மோர் குடிச்சுப்போட்டு காரைப் பாருங்க" என்றார் சென்னியப்பன். "பாக்கறதுக்கு என்னங்க இருக்குது, கோயமுத்தூர்க்காரரு எல்லாம் பாத்துச் சொல்லிப்போட்டாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

நான் காரைச் சுற்றி வந்தேன். என்னென்ன பார்த்தேன் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. டிக்கியைத் திறந்தபோது அந்த இரண்டு குடங்களும் அப்படியே இருந்தன. ஒன்றில் பாதித் தண்ணிகூட இருந்தது. ருக்குமணி எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை.

"கோயமுத்தூருக்குப் போறப்பல்லாம் உக்கடம் கொளத்துக்கிட்டச் சரியா சூடாயி நின்னுபோடுமுங்க" என்றார். "அவரு எறங்கித் தண்ணி ஊத்துவாரு. நான் உள்ள உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருப்பனுங்க. ஊரே வேடிக்கை பாக்கும். அவரு என்னமோ ரதத்த நிறுத்தின மாதிரி நின்னு சிரிப்பாருங்க."

அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் பானெட் மேல் கையை வைத்தார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். சென்னியப்பன் எங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. புருஷன் ஆசையாக வைத்திருந்த காரை இந்தப் பெண் விடமாட்டாள், அதைத்தான் எடுப்பாள், கூடவே ஒரு கடிதமும் இருந்தால் அவளுடைய அண்ணனும் வாயைத் திறக்க மாட்டான் என்று கணக்குப் போட்டே பங்கு பிரித்திருக்கிறார். செத்தவன் மேல் இருந்த பாசத்தையே மேட்டாங்காட்டோடு சேர்த்துக் கட்டி அவள் தலையில் வைக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏனுங் சர்வேயர், கோடிக்குப் போகுமுங்களா?" என்று வெள்ளகோவில் அண்ணன் கேட்டார். அந்த மனுஷன் கண்ணில் பேராசைகூட இல்லை. தங்கச்சிக்கு நல்லது நடக்கிறது என்று நம்பித்தான் கேட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்றைக்கு இந்தக் காரை விற்கப் போனால் என்ன கிடைக்குமோ அதை நான் சொன்னேன். இரும்பு விலையை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். களத்தில் சலசலப்பு. சென்னியப்பன் சிரித்தார்.

"இன்னைய வெலைய நான் கேக்கலீங் தம்பி. நாளைய வெலையச் சொல்லுங்க. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க. இது யானைங்க."

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தில் இருந்தது முழுப் பொய் என்றால் என் வேலை சுலபம். பொய் என்று சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போயிருப்பேன். ஆனால் அது பாதி உண்மை. யாருக்கும் வேண்டாத கார் பின்னால் விலை போவது உண்டு. வேண்டாத கார் என்பதால் எல்லோரும் உடைத்து எடைக்குப் போட்டுவிடுவார்கள், மிச்சம் நாலு நிற்கும். சின்ன வயதில் அதை ரோட்டில் பார்த்து வாய் பிளந்தவன் வளர்ந்து, கையில் காசு வந்ததும் அதைத் தேடி வருவான். எல்லாம் சரி. ஆனால் அந்த நாலில் ஒன்றாக நிற்க அந்தக் காருக்கு நல்ல நிழல் வேண்டும். கிடைக்காத சாமானை ஊர் ஊராகத் தேடுகிற ஒரு பைத்தியக்காரன் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, விலை வருகிற வரைக்கும் காத்திருக்கிறவனுக்கு வேறு சோறு இருக்க வேண்டும். பசித்தவனிடம் போய்ப் பத்து வருஷம் பொறு என்று சொல்கிறவன் அவனுக்கு விலை சொல்லவில்லை, குழி வெட்டுகிறான்.

இதையெல்லாம் அந்தக் களத்தில் பிரசங்கம் செய்தால் யார் கேட்பார்கள்? ஆகும் என்றாலும் தப்பு, ஆகாது என்றாலும் பொய். பண்ணைக்காரர்கள் நாலைந்து பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், என் பிழைப்பு அவர்கள் கையில். மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன் போல, தெறித்தது.

"பெரியவரே, எனக்கு ஜோசியம் தெரியாதுங்க. ஆனா உங்களுக்கு நாளைய வெலையில அத்தன நம்பிக்கை இருக்குதல்லங்க. ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு இந்த அம்மணிக்குப் புள்ளைக படிப்புக்கோ கலியாணத்துக்கோ அவசரம் வந்தா, இந்தக் கடுதாசியில இருக்கற வெலையில பாதிக்காவது காரை நானே வாங்கிக்கறேன்னு இத்தன பேரு முன்னாடி சொல்லுங்க. எழுதவெல்லாம் வேண்டாமுங்க. வாயில சொன்னாப் போதும். உங்க வாய்ச்சொல்லுக்கு இந்த ஊர்ல பத்திரத்தைவிட மதிப்பு அதிகம்னு எனக்குத் தெரியுமுங்க."

நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை மீறினால் அந்த மனுஷன் அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் முன்வரிசையில் உட்கார முடியாது. அது அவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"அதெப்படீங்க, எந் தம்பி ஆசப்பட்ட காரு. அதைப் போயி நான் வாங்கறது மொறையில்லீங்க" என்றார்.

"பாதி வெலைக்குக்கூட ஆகாதுங்களா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. தம்பிகளே, என் தொழிலில் நான் கேட்ட மதிப்பீடுகளிலேயே துல்லியமான மதிப்பீடு அந்த மௌனம்தான்.

ருக்குமணி இன்னும் காரின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பெரியவர்களில் ஒருவர், "நீ எதை எடுத்துக்கற அம்மணி?" என்று கேட்டார். காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பானெட் மேல் இருந்த கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"கெணத்துப் பங்குங்க" என்றார். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

சென்னியப்பன் அப்போதும் என்னைத் திட்டவில்லை. பைக்கை எடுக்கும்போது பக்கத்தில் வந்து, "கூலிக்கு வந்த எடத்துல குடும்பத்துக்குள்ள கல்லெறிஞ்சுபோட்டீங். நல்லா இருங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பக்கம் எந்தக் கோழி வேன் மோதினாலும் எனக்குப் போன் வரவில்லை. அந்தக் கடிதம் எழுதின மகராஜனுக்குத்தான் வந்தது. உடம்பு சரியில்லாதவர் அதற்குப் பிறகு ரொம்ப ஆரோக்கியமாக ஓடினார், புதுக் காரும் வாங்கினார். ஒருமுறை ரேஸ்கோர்ஸ் பக்கம் என்னைப் பார்த்துவிட்டு, "நம்ம வேல கஸ்டமர் கேக்கறத எழுதறது, அவ்வளவுதான் சார். அத வெச்சு அவங்க என்ன பண்றாங்கங்கறது நமக்கு எதுக்கு?" என்று எனக்கே புத்தி சொன்னார். கசாப்புக் கடைக்காரன்கூட எந்த ஆட்டுக்குக் கத்தி தீட்டுகிறோம் என்று தெரிந்துதான் தீட்டுவான். அன்றைக்கு ரோடு என்றுகூடப் பார்க்காமல் நான் போட்ட சத்தத்தில், நடைப்பயிற்சி போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். இதுதான் நம் தொழிலின் லட்சணம். ஆத்திரம் வருமா வராதா?

சரி, எருமைக்கு வருவோம். அது இப்போது சென்னியப்பனுடைய கார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அன்றைக்கே எடைக்குப் போட்டிருக்கலாம். ஊர் கூட்டி இது யானை என்று சொல்லிவிட்டாரே, எப்படிப் போடுவார்? போட்டால் தம்பி பொண்டாட்டியை ஏமாற்றப் பார்த்தேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால் வைத்துக் காப்பாற்ற முடிவு செய்தார். எங்கே வைத்தார் தெரியுமா? மேட்டாங்காட்டில் இருந்த அந்தக் காலிக் கோழி ஷெட்டில். கூரை இருக்கிறது, சுற்றிலும் வலை இருக்கிறது, வெயில் படாது, திருடு போகாது. அவர் புத்திக்கு அது சரியாகப்பட்டது. பிறகு பண்ணை பெருகியதும் அதே ஷெட்டின் பாதியில் கோழி விட்டார். கோழி எருவின் நெடி எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மூக்கும் கண்ணும் எரியும். அந்த நெடி தகரத்தை அரிக்கும், செம்புக் கம்பியைப் பச்சைப் பொடியாக்கும். பண்ணையில் பிறந்து வளர்ந்த மனுஷன் அவர். வருஷா வருஷம் ஷெட்டின் வலையும் ஆணியும் அரித்துப்போய் மாற்றுகிறவர். காரும் அதே இரும்புதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது யானை அல்லவா.

ஆறேழு வருஷம் ஓடிப்போயிற்று. தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். பழைய கார்கள் சேர்க்கிறவர். இந்த மாடல் காரைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், பல்லடம் பக்கம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், பார்க்க நான் கூட வர வேண்டும் என்றும் சொன்னார். அவர் தருவதாகச் சொன்ன தொகையை நான் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்தக் கடிதக்காரர் எழுதின அளவுக்கு இல்லை. ஆனால் நான் களத்தில் சொன்னதைவிட எத்தனையோ மடங்கு. பார்த்தீர்களா, விலை வந்தேவிட்டது!

அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நான் போய்விட்டேன். சென்னியப்பனுக்கு வயதாகியிருந்தது. பழைய பகை எதையும் காட்டாமல், "வாங்க தம்பி, நான் சொன்னது நடந்துபோச்சு பாத்தீங்களா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு ஜெயம். வேலையாட்கள் காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளிவந்து வைத்திருந்தார்கள். அது இருந்த கோலத்தில் எது பெயின்ட், எது அழுக்கு, எது கோழிப்பீ என்று தெரியவில்லை.

கழுவ வேண்டும். தண்ணி இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. மேட்டாங்காட்டில் அவர் போட்ட போர்வெல் எல்லாம் புழுதிதான் கக்கியது. கோழிக்குக் குடிக்கவே லாரியில் தண்ணி வாங்கிக்கொண்டிருந்தார், அன்றைக்கு லாரி இன்னும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ருக்குமணியின் தோட்டம். தென்னை, மஞ்சள், தீவனச் சோளம் எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றது.

"நீங்க போயி ஒரு வார்த்த கேளுங் தம்பி. நீங்க சொன்னா அம்மணி கேக்கும்" என்றார் சென்னியப்பன். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

கிணற்றை அவளிடமிருந்து பறிக்க இந்தக் காரையே கொண்டுவந்து நிறுத்திய மனுஷன், இன்றைக்கு அதே காரைக் கழுவ அதே கிணற்றுத் தண்ணியைக் கேட்கிறார். கேட்பதற்கு வேறு என்னை அனுப்புகிறார். வெட்கம் என்ற ஒன்று மனுஷனுக்கு எங்கேதான் இருக்கிறது? எனக்கு வந்த கோபத்தில் வேலிப் படலைத் தாண்டும்போது வேட்டி கிழிந்ததுகூடத் தெரியவில்லை.

ருக்குமணி மோட்டார் ரூம் பக்கத்தில் தேங்காய் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். தலையில் நரை வந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். பெங்களூர்க்காரர் தருகிற விலையையும் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை.

"அம்மணி, அன்னிக்கு நீங்க காரை எடுத்திருந்தா இந்தக் காசு உங்களுக்கு வந்திருக்குமுங்க" என்றேன்.

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். "இன்னிக்கு வர்ற காசுல அன்னிக்குத் தண்ணி எறைக்க முடியுங்களா?" என்றார். "பெரியவ நர்சிங் முடிக்கப்போறா. சின்னவ காலேஜ் போறா. இந்தக் கெணறு இல்லீன்னா ரெண்டும் பஞ்சு மில்லுக்குப் போயிருக்குமுங்க. அந்தக் காரை நான் அவரு போன மொத வருசத்துலயே எடைக்குப் போட்டிருப்பனுங்க."

தம்பி, டீ சிந்தின உங்களுக்கு என் பதில் இதுதான். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது. நாளைய விலை என்று ஒருவன் சொன்னால், நாளை வரைக்கும் யார் தாங்குவது என்று கேளுங்கள். சொல்கிறவனே வாங்கிக்கொள்வானா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் பேனாவை மூடிப் பையில் வையுங்கள்.

"தண்ணி தர முடியாதுன்னு சொல்லீருங்க அம்மணி" என்று நான் சொன்னேன். ஒரு மதிப்பீட்டாளன் சொல்லக்கூடாததுதான். சொன்னேன். "அந்த மனுசனுக்கு ஒரு சொட்டுக்கூட வேண்டாமுங்க."

ருக்குமணி மோட்டார் ரூமுக்குள் போய் சுவிட்சைப் போட்டார். நீளமான ஹோஸ் பைப்பைத் தோளில் சுருட்டிக்கொண்டு, வேலிப் படலைத் திறந்து அவரே மேட்டாங்காட்டுக்குள் நடந்தார். சென்னியப்பன் எழுந்து நின்றார். இந்த ஆறேழு வருஷத்தில் அந்தப் பெண் அந்த எல்லையைத் தாண்டி வந்ததே இல்லையாம்.

"பைப்பை ஆளுக கிட்டக் குடு அம்மணி, அவங்க கழுவிக்குவாங்க" என்றார் அவர்.

ருக்குமணி கொடுக்கவில்லை. பானெட்டில் தொடங்கித் தானே கழுவினார். அழுக்கோடு சேர்ந்து கறுப்புப் பெயின்டும் உரிந்து ஓடியது. அதற்குள் பெங்களூர்க்காரரும் வந்துவிட்டார். கதவைத் திறந்தார், கைப்பிடி கையோடு வந்தது. அடிப்பக்கம் விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போனது. பானெட்டைத் தூக்கி ஒரு ஒயரைத் தொட்டார், அது பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். யாராவது இதை ஒழுங்காக வைத்திருக்கக்கூடாதா என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். "நீங்க ஒரு வெல சொல்லுங்க தம்பி" என்றார். அப்போதும் விலை!

"அன்னிக்கு நீங்க சொன்ன வெலையே இருக்கட்டுமுங்க. வாங்கறதுக்கு மட்டும் ஆளப் பாருங்க" என்றேன். இரக்கப்பட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ருக்குமணி மட்டும் கழுவுவதை நிறுத்தவில்லை. வந்தவர் போனதோ, கார் இனி எடைக்குத்தான் என்பதோ தெரியாதவர் மாதிரி, டிக்கியைத் திறந்து உள்ளே நசுங்கிக் கிடந்த இரண்டு குடங்களையும் வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். பிறகு முன்பக்கம் போய், ரேடியேட்டர் இருக்கிற இடத்துக்கு நேராகப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணி மறுபக்கம் ஒழுகி, வெடித்துக் கிடந்த மேட்டாங்காட்டு மண்ணில் ஓடியது. அந்த மண் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

சென்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. "போதும் அம்மணி, தண்ணி சும்மா வீணாப் போகுது" என்றார்.

ருக்குமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந் தண்ணிதானுங்க பெரிய மாமா. போனாப் போகட்டுமுங்க."